அட்ஜஸ்ட் என்பது எங்கள் ஊர்ச் சொல்

1

“எஸ் மேடம். டெய்லி அட்ஜஸ்ட். நோ பிராப்ளம்.”

செல்லத்துரை அண்ணாச்சி இதைச் சொன்ன கணத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அதுவரை அறையின் மூலையில் உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தேன். இதையும் தட்டினேன். தட்டிய பிறகு திரையைப் பார்த்தேன். அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் இருந்தது. ஆனால் என் காதில் விழுந்தது ஆங்கிலம் இல்லை.

இடம், அயர்லாந்தில் ஒரு காளான் பண்ணை. வரிசையாக நீண்ட கொட்டகைகள், உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், தட்டு நிறைய வெள்ளை வெளேரென்று காளான். வெளியே மழை, அல்லது மழைக்கான ஆயத்தம். டப்ளினில் மனிதவள மேலாண்மை படித்து முடித்துவிட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். மனிதவளப் பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மேலாளர் ஓர்லா, உதவியாளர் நான், ஒரு டீ கெட்டில். அவ்வளவுதான் பிரிவு.

ஒரு வருட நிறைவுக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று நினைத்தபோது, பனி, தனிமை, புளிக்குழம்பு என்று பல தலைப்புகள் வரிசையில் நின்றன. அத்தனையையும் தள்ளிவிட்டு இந்த ஒரு காலைப் பொழுது முன்னால் வந்து நிற்கிறது. இதையே எழுதுகிறேன்.

அன்று நடந்தது ஒழுங்கு விசாரணை. விசாரிக்கப்பட்டவர் செல்லத்துரை அண்ணாச்சி. வாசுதேவநல்லூர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர். காளான் டப்பாக்களுக்கு மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, சூட்டில் ஒட்டும் இயந்திரத்தில் வேலை. அந்த இயந்திரத்தில் சூடான தகட்டின் மேல் பாதுகாப்புக்கு ஒரு மூடி உண்டு. முந்தைய வாரம், அண்ணாச்சி சாப்பிடப் போன இடைவெளியில் அவர் இடத்தில் நின்ற ஒரு பிரேசில் பெண்ணுக்கு விரல் நுனி சுட்டுவிட்டது. நல்லவேளை, பெரிய காயம் இல்லை. பார்த்தால் மூடி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது, திருகாணிகளைக் காணவில்லை. ஷிஃப்ட் மேற்பார்வையாளர் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, “மூடி இப்படி இருப்பது உனக்குத் தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார்.

“எஸ் சார். லாங் டைம். ஐ அட்ஜஸ்டட்.”

“நீயா அட்ஜஸ்ட் செய்தாய்?”

“எஸ் சார். மீ ஒன்லி.”

முடிந்தது கதை. பாதுகாப்பு மூடியைத் திருகி மாற்றியதை ஊழியரே ஒப்புக்கொண்டார் என்று ஆகிவிட்டது. இங்கே அது மிகப் பெரிய குற்றம். வேலையை விட்டு நீக்கலாம். அண்ணாச்சியின் வேலை அனுமதி இந்தப் பண்ணையோடு கட்டப்பட்டது. வேலை போனால், இப்போதுதான் வந்து சேர்ந்த மனைவி, இங்கே பள்ளியில் சேர்ந்துவிட்ட மகள், வாடகை வீடு என்று எல்லாமே ஆட்டம் காணும்.

அன்று அந்த மேசையில் முடிவாக வேண்டியிருந்தது அதுதான். அண்ணாச்சியோ இஸ்திரி போட்ட சட்டையோடு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

2

என்னைக் கேட்டால், அட்ஜஸ்ட் என்பது ஆங்கிலச் சொல்லே இல்லை. சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் ராஜபாளையம் வண்டியில் ஏறிப் பாருங்கள். மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஒருவர் வந்து, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா” என்பார். யாரும் இருக்கையைக் கழற்றி மாட்டுவதில்லை. ஸ்பானரோடு யாரும் குனிவதில்லை. நாம்தான் ஜன்னல் பக்கம் ஒடுங்குகிறோம், பையை மடியில் வைக்கிறோம், முழங்காலை மடக்குகிறோம். அவர்களுடைய மொழியில் பொருளை அட்ஜஸ்ட் செய்கிறார்கள். நம்முடைய மொழியில் நம்மையே அட்ஜஸ்ட் செய்துகொள்கிறோம்.

கல்யாணமாகிப் போன பெண்ணைப் பற்றிக் கேட்டால் “நல்லா அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுதா” என்பார்கள். கேட்பவரும் மேலே கேட்காமல் நிம்மதியாகிவிடுவார். என்னத்தைத்தான் அவள் அட்ஜஸ்ட் செய்கிறாள் என்று கேட்ட ஓர் ஆளை நான் பார்த்ததில்லை.

என் அக்கா கோமதி, திருவேங்கடம் சாலையில் நைட்டி தைக்கும் யூனிட் வைத்திருக்கிறாள். சுற்றுவட்டாரத்திலிருந்து, குருவிகுளம் பக்கத்திலிருந்தெல்லாம், பெண்கள் டவுன் பஸ்ஸில் வந்து தைக்கிறார்கள். நான் இந்தப் படிப்புக்குக் கிளம்பிய காலத்திலிருந்தே அவளுக்கும் எனக்கும் இதில் வாய்ச்சண்டை.

“என்னட்டி அது, மனிதவளம்? நீ இருக்கது காளான் வளக்க எடம். அங்கன மனுசனையும் சேத்து வளக்காகளோ?”

“அக்கா, ஒரு எடத்துல வேலை பாக்கவங்க நல்லபடியா வேலை பாக்கதுக்கு என்ன வேணும்னு பாக்க வேலைக்கா.”

“அதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு ஃபிளைட்டு டிக்கெட்டு. நான் என் புள்ளைகளுக்கு மத்தியானம் டீ, தீவாளிக்குச் சேலைன்னு குடுத்துட்டுத்தான இருக்கேன்? எங்கிட்ட ஒரு குறைன்னு ஒருத்தி சொல்லியிருப்பாளா?”

“அப்பொறம் ஏன்க்கா ஒவ்வொருத்தியா நின்னுருதாளுவ?”

“போயிட்டு வாரேன்க்கான்னு சொல்லிட்டுப் போறா. மறுநாள் வர மாட்டேங்கா. போன் போட்டா, வீட்டுல வேலங்கா. போனாப் போறா, வேற ஆளா கெடைக்காது?” என்பாள். ஆனால் ஆள் கிடைப்பதில்லை என்பதும், புதிதாக வருகிறவள் கை பழகும்வரை உருப்படி தேங்குகிறது என்பதும் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அக்கா நல்ல முதலாளி. இதை வேண்டுமென்றே சொல்கிறேன். கெட்ட முதலாளியைத் திருத்துவது மட்டும்தான் இந்தத் துறையின் வேலை என்று நானே நினைத்திருந்தேன். நல்ல மனசு இருந்தும் பக்கத்தில் இருக்கிறவரின் சங்கடம் தெரியாமல் போகிற இடங்களில்தான் இதற்கு அதிக வேலை இருக்கிறது.

3

மறுபடி அந்த அறைக்கு வருகிறேன்.

“டெய்லி அட்ஜஸ்ட்” என்றதும் ஓர்லாவின் முகம் வாடிவிட்டது. ஓர்லா கடுமையான ஆள் கிடையாது. விசாரணைக்கு முன்பே, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, துணைக்கு உடன் வேலை செய்பவர் யாரையாவது அழைத்து வருகிறீர்களா என்றெல்லாம் அண்ணாச்சியிடம் கேட்டிருந்தார். அண்ணாச்சி இரண்டுமே வேண்டாம் என்றுவிட்டார். தன்னால் யாருக்கும் தொந்தரவு வேண்டாமாம். அதுவும் ஓர் அட்ஜஸ்ட்தான்!

“நீங்கள் சொல்வதன் விளைவு உங்களுக்குத் தெரியும்தானே?” என்று ஓர்லா மெதுவாகக் கேட்டார்.

“ஐ நோ மேடம். ஐ நெவர் கம்ப்ளைண்ட்.”

அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். அறையில் இருந்த மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டார். ஓர்லா விசாரணைக் கோப்பை மூடுவதற்காக விளிம்பில் விரலை வைத்துவிட்டார்.

நான் குறிப்பெடுக்கிறவள். அங்கே வாயைத் திறக்க எனக்கு உரிமை இல்லை. அதிலும் நான் அவர் ஊர்ப் பக்கத்துக்காரி. “அண்ணாச்சி அப்படிச் சொல்லலை, இப்படிச் சொல்லுதாரு” என்று நடுவில் புகுந்தால், ஊர்க்காரனைக் காப்பாற்ற நான் ஜோடித்ததாகவே ஆகும். அதற்குப் பிறகு அவர் சொல்லும் உண்மையைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள். சும்மா இருந்தால், ஒரு சொல்லுக்காக ஒரு குடும்பம் மூட்டை கட்டும்.

கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. “ஐந்து நிமிடம் இடைவேளை கிடைக்குமா?”

வெளியே தாழ்வாரத்தில் ஓர்லா என்னைப் பார்த்தார். “உடம்பு சரியில்லையா?”

“இல்லை. ஒரே ஒரு கேள்வி விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.”

“என்ன கேள்வி?”

“எதை வைத்து அட்ஜஸ்ட் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்குரூ டிரைவரா, ஸ்பானரா, வேறு எதுவுமா. அதை மட்டும் கேளுங்கள்.”

“ஏன்?”

“ஏன் என்று நான் சொன்னால் அது என் பதிலாகிவிடும். அவருடைய பதிலாக வரட்டும்.”

ஓர்லா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்: புரியாத கேள்வியையும் கேட்டுப் பார்த்துவிடுவார். உள்ளே போய் உட்கார்ந்தார். அண்ணாச்சிக்கு ஒரு தம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்துவிட்டு, நிறுத்தி நிதானமாகக் கேட்டார்: “மூடியை அட்ஜஸ்ட் செய்ய எதைப் பயன்படுத்தினீர்கள்?”

அண்ணாச்சி விழித்தார். “யூஸ்?”

“ஆமாம். எந்தக் கருவி?”

“டூலா? நோ டூல் மேடம்.” அவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டேன். பிறகு அவருக்கு ஏதோ தோன்றி, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். “திஸ் வே மேடம்.”

எழுந்து நின்றவர், முன்னால் இயந்திரம் இருப்பதுபோல் இடது தோளை முன்னால் தள்ளி, இடுப்பை ஒடித்து, வலது கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டார். அந்தக் கோணலான நிலையில் நின்றபடியே, இடது கையை மட்டும் நீட்டி இல்லாத டப்பாக்களைத் தள்ளிக் காட்டினார்.

“ஹாட் ஏர் கமிங். திஸ் ஹேண்ட் பர்னிங். ஸோ, ஐ அட்ஜஸ்ட்.”

மேற்பார்வையாளரின் முகம் சிவந்துவிட்டது. ஓர்லா கேட்டார்: “எவ்வளவு காலமாக இப்படி நிற்கிறீர்கள்?”

“பிஃபோர் கிறிஸ்மஸ் மேடம்.” அதற்குள் அவருக்குப் பயம் வந்துவிட்டது. நின்ற விதம்தான் தப்போ என்று நினைத்துவிட்டார் போல. “பேக்கிங் ஸ்பீடு நாட் டவுன் மேடம். ஸேம் ஸ்பீடு.”

4

அன்று மாலைக்குள் மிச்சமும் தெரிந்தது. இயந்திரத்தைச் சுத்தம் செய்தபோது பழைய திருகாணிகள் தேய்ந்திருந்ததால் பராமரிப்பு ஆள் கழற்றியிருக்கிறார். புதியது வரும்வரை மூடியைச் சும்மா பொருத்தி வைத்திருக்கிறார். பிறகு மறந்துவிட்டார். கேட்டதும் அவரே வந்து சொல்லிவிட்டார். அண்ணாச்சி மேல் இருந்த குற்றச்சாட்டை ஓர்லா அன்றே விலக்கினார். மேற்பார்வையாளர் அண்ணாச்சியிடம் வந்து கை கொடுத்து வருத்தம் தெரிவித்தார். அண்ணாச்சி பதறிப்போய், “நோ பிராப்ளம் சார்” என்றார். அந்த இரண்டு சொற்களை அவரிடமிருந்து எப்படிப் பிடுங்குவது என்றே தெரியவில்லை.

மழை விட்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன்.

“அண்ணாச்சி, கை சுடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“என்னத்தச் சொல்ல தங்கச்சி? வந்த எடத்துல குறை சொன்னா, இவன் வேலைக்கு ஆகமாட்டான்னு நெனைப்பாக. ஊர்ல வயக்காட்டுல நிக்காத வெக்கையா?”

“வயக்காட்டு வெக்கைக்கு மூடி போட முடியாது அண்ணாச்சி. இதுக்கு நாலு திருகாணி போதும்.”

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, “வேலை போயிருந்தா இந்த நாலு திருகாணிக்காகத்தான போயிருக்கும்? நான் எதுக்குப் போறேன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது, என்ன?” என்றார்.

மறுநாள் இன்னொன்று சொன்னார். வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மகள் தர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாளாம். ‘அப்பா, அட்ஜஸ்ட்னா திருகுறதுப்பா. நீங்க பண்ணதுக்குப் பேரு புட்டிங் அப், பொறுத்துப்போறது’ என்று பாடம் எடுத்தாளாம்.

“வந்து ஒரு வருசம் ஆகல. அதுக்குள்ள எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கா, பாத்துக்கிடுங்க. அதுவும் அய்ரிஷ்காரி மாதிரி ராகம் போட்டு. நான் தமிழ்ல கேட்டா அவ அதுல பதில் சொல்லுதா. இப்படியே போனா இன்னும் கொஞ்ச நாள்ல வீட்டுக்குள்ளயே மொழிபெயர்ப்புக்கு ஆள் வேணும் போல.”

“அதுக்காவது சரின்னு சொல்லுவீகளா, அதையும் வேண்டாம்னுருவீகளா?”

“உங்களையே கூப்புடுதேன், வாங்க. சாப்பாடு உண்டு. சம்பளம் கெடையாது.”

5

விசாரணை நல்லபடியாக முடிந்ததும் எனக்கு ஒரே துள்ளல். ஓர்லாவுக்கு இல்லை. அலுவலகத்தில் டீயை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஒரு மனிதர் குளிர்காலம் முழுக்க வளைந்து நின்றிருக்கிறார். நான் மாதாமாதம் அந்தக் கொட்டகைக்குப் போய், ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இல்லை என்றார். பொய்யும் சொல்லவில்லை. நான் எப்படிக் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்?”

டப்ளினில் இதற்கெல்லாம் பாடம் உண்டு. கருத்துக்கணிப்பு, புகார்ப் பெட்டி, பெயர் சொல்லாமல் எழுதும் வசதி என்று வரிசையாக ஒப்பிப்பேன். அன்று அதெல்லாம் வாயில் வரவில்லை. ராஜபாளையம் வண்டிதான் வந்தது.

“பிரச்சினை உண்டா என்று கேட்டால் எங்கள் ஊரில் யாரும் உண்டு என்று சொல்ல மாட்டார்கள். பிரச்சினை என்பது பெரிய சொல். குறை என்பது முதலாளியைக் குற்றம் சொல்கிற சொல். ஆனால் எதை அட்ஜஸ்ட் பண்ணினீர்கள் என்று கேட்டால் சொல்வார்கள். அதைச் சொல்வதில் வெட்கமில்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு.”

ஓர்லா அந்தச் சொல்லை, எங்கள் அர்த்தத்தில், ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “இன்றைக்கு எதை அட்ஜஸ்ட் செய்தீர்கள்? மோசமில்லை. ஆனால் இது பலிக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?”

தெரியாது. அதனால் அக்காவைப் போனில் கூப்பிட்டேன். நடந்ததையெல்லாம் சொல்லி, நாளைக்குக் காலையில் உன் யூனிட்டில் இதே மாதிரி ஒரு வார்த்தை கேள் என்றேன்.

“எனக்கு வேற வேலை இல்லையாட்டி? ஊருக்கு ஊரு சோதனை பண்ண என் யூனிட்டுத்தான் கெடைச்சுதா?”

திட்டினாளே தவிர, மறுநாள் கேட்டிருக்கிறாள். அழைத்தவள் வழக்கம்போல “சாப்ட்டியாட்டி?” என்று ஆரம்பிக்கவில்லை.

“கேட்டேன். மொதல்ல எல்லாரும் சிரிச்சாளுவ. பொறவு பேச்சி, குருவிகுளத்துல இருந்து வருவால்லா, அவதான் சொன்னா. காலைல வந்தா மத்தியானம் வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டாகளாம். எல்லாருந்தான். தண்ணி குடிச்சா கக்கூசுக்குப் போணும். கக்கூஸு துணி வெட்டுத கட்டிங் டேபிளத் தாண்டி அந்தால இருக்கா, ஆம்பளையாளு நிப்பாக, அவுக முன்னால எந்திரிச்சுப் போகக் கூச்சமாம். அதனால தண்ணிய அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுதோம்னு சாதாரணமா சொல்லுதா. நான் தெனமும் அவளுவ கூடத்தான இருக்கேன்? மத்தியான டீக்குக்கூட பாதி தம்ளரு போதும்பாளுவ. நான் என்னமோ, டீ அவ்வளவாப் பிடிக்காது போலன்னு நெனைச்சேன்.”

“நின்னுபோனவளுக?”

“ரெண்டு பேருக்கு நீர்க்கடுப்பாம். வீட்டுல வேலைன்னு எங்கிட்டச் சொன்னது அதுதானாம்.”

நான் ஏதாவது சொல்வதற்குள் அவளே அடுத்ததற்குப் போய்விட்டாள்.

“கட்டிங் டேபிள முன்னால ரோட்டுப் பக்கம் தூக்கிப் போடச் சொல்லிட்டேன். அந்தப் பக்கம் ஒரு தடுப்பும் அடிக்கணும். நீ லீவுல வரும்போது அந்த நின்னுபோன ரெண்டு பேரு வீட்டுக்கும் எங்கூட வாட்டி. நான் தனியாப் போனா, வேலைக்குக் கூப்பிடத்தான் வந்திருக்கேன்னு நெனைப்பாளுவ.”

“கூப்பிடத்தானக்கா போற?”

“ஆமா. ஆனா மொதல்ல கேக்கணும்லா.”

படிப்பும் வேலையுமாக இரண்டு வருடம் என்னால் அக்காவுக்குப் புரியவைக்க முடியாத துறையை அவள் ஒரு காலைப் பொழுதில் எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது போல் இருந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பிடிக்க முடியாது.

6

இப்போது இங்கே என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வருகிற திங்கட்கிழமையிலிருந்து, பேக்கிங் கொட்டகையில் ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லோரும் வட்டமாக நிற்பது, எதை அட்ஜஸ்ட் செய்தீர்கள் என்ற இந்த ஒரு கேள்வியைக் கேட்பது. சொன்னதில் ஒன்றையாவது அந்த வாரத்துக்குள் சரிசெய்வது. சரிசெய்ய முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று அதே வட்டத்தில் நின்று சொல்வது. ஓர்லா சம்மதித்துவிட்டார். மேற்பார்வையாளருக்குப் பாதி மனசு. தினமும் கதை கேட்டால் காளானை யார் கட்டுவது என்கிறார். நியாயமான கேள்விதான்; ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று கேட்டிருக்கிறோம்.

கேள்வியை யார் கேட்பது என்பதில்தான் இழுபறி. நான் கேட்டால் அது அலுவலகத்துக் கேள்வியாகிவிடும். செல்லத்துரை அண்ணாச்சியிடம் போனேன். முதலில் மறுத்தார். இப்போதுதான் வேலை தப்பியிருக்கிறது, மறுபடியும் எதற்கு வம்பு என்றார். ஒரு நாள் யோசித்துவிட்டு, அவரே அலுவலகக் கதவைத் தட்டினார்.

“கேக்கேன் தங்கச்சி. ஆனா ஒரு கண்டிசன்.”

“சொல்லுங்க.”

“மொத நாள் எங்க ஆள்கிட்டக் கேக்க மாட்டேன். யாரும் வாயத் தெறக்க மாட்டாக. அவுகவுக பயம் அவுகவுகளுக்கு. மொதல்ல மேனேஜரம்மாகிட்டக் கேப்பேன். எல்லார் முன்னாலயும். அவுகளும் எதையாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுத்தான இருப்பாக? அவுக ஒண்ணச் சொல்லட்டும். பொறவு பாருங்க, கதையா வரும்.”

ஓர்லாவிடம் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்தார்.

“உண்மையான பதிலாகத்தான் இருக்க வேண்டுமா?” என்றார்.

“இல்லையென்றால் அண்ணாச்சி கண்டுபிடித்துவிடுவார்.”

“அப்படியானால் சனி ஞாயிறு முழுக்க நான் யோசிக்க வேண்டும்” என்றார் ஓர்லா. திங்கட்கிழமை காலை பேக்கிங் கொட்டகையில் அவருக்குத்தான் முதல் கேள்வி.